“வீட்டில ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ?”

கிணற்றடி (கொக்குவில்)

இந்த இணையக் களத்தில் உள்ள உங்களிடம் ஒன்று கேட்கத்தான் இந்த இழையைத் திறக்கிறேன். மூன்று நாளாகக் கிணற்று மோட்டர் வேலை செய்யவில்லை. சுவிட்சைப் போட்டால் உறுமுகிறது, சுத்தவில்லை. இரண்டு வருடத்துக்கு முதலும் இதே மாதிரித்தான் நின்றது. அப்போது கப்பாசிட்டரை மாற்றியதும் சரியாகிவிட்டது. அதனால் திருத்த வந்தவரிடம் கேற்றடியிலேயே சொல்லிவிட்டேன், “அண்ணை, கப்பாசிட்டர் போயிருக்கும் எண்டு நினைக்கிறன்.”

அவர் என்னைத் தாண்டி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். “வீட்டில ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ?”

இல்லை என்றேன். இவர் கட்டாரில் வேலை. வந்தவர் தலையை ஆட்டிவிட்டு வேலையைத் தொடங்கினார். குழாயைக் கழற்றினார். ஃபுட் வால்வை மேலே எடுத்தார். யாழ்ப்பாணத்துத் தண்ணீரில் சுண்ணாம்பு படியும் என்று கொக்குவிலில் பிறந்து வளர்ந்த எனக்கு விளக்கம் வேறு. ஒன்றரை மணித்தியாலம் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து மானிப்பாயிலிருந்து தம்பி போன் எடுத்தான். விஷயத்தைச் சொன்னேன். “போனை அவரிட்டக் குடு அக்கா” என்றான்.

தம்பி ஆங்கில ஆசிரியர். பல்ப் மாற்ற ஸ்டூலில் ஏறுவதற்கே பயப்படுகிறவன். நான் சொன்னதையேதான் அவனும் சொன்னான்: கப்பாசிட்டரை ஒருக்காப் பாருங்கோ. “ஓம் தம்பி, நானும் அதைத்தான் யோசிச்சனான்” என்றார் மோட்டர்காரர். பத்து நிமிடத்தில் தண்ணீர் வந்தது.

நான் சண்டை பிடிக்கவில்லை. காசைக் கொடுத்தேன், தேத்தண்ணியும் ஊற்றிக் கொடுத்தேன். இரவு படுக்கும்போதுதான் எண்ணிப் பார்த்தேன். மதில் கட்ட வந்த மேசன், கேபிள் இழுக்க வந்த பெடியன், வாக்காளர் இடாப்புக்கு வந்தவர், கோயில் திருவிழாவுக்குக் காசு சேர்க்க வந்தவர்கள், எல்லாரும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். உங்களிடமும் கேட்பார்களா? நீங்கள் என்ன சொல்வீர்கள்?

சட்டைப்பின் (சுன்னாகம்)

கேட்பார்களாவது. எங்கள் வீட்டில் மனுசன் நிற்கும்போதே, அவருக்கு ஒன்றும் தெரியாது, கணக்கு முழுக்க நான்தான் என்று அவரே சொல்லியும், சீமெந்துக் கடைக்காரர் அவருடைய முகத்தைப் பார்த்துத்தான் விலை சொன்னார். நான் கேட்கிறேன், பதில் அவருக்குப் போகிறது. டெனிஸ் மட்ச் பார்க்கிற மாதிரி இருந்தது.

நீத்துப்பெட்டி (பருத்தித்துறை)

நான் கேள்விக்கே இடம் கொடுப்பதில்லை. இவர் செத்து ஆறு வருடம். அவருடைய செருப்புச் சோடி இன்னும் வாசலில்தான் இருக்கிறது. மழைக்கு நனையாமல் உள்ளே எடுத்து வைப்பேன், பிறகு வெளியே வைப்பேன். கிழமைக்கு ஒருக்கா ஒரு சேட்டைத் தோய்த்துக் கொடியில் போடுவேன். பாசம் என்று அயலில் நினைக்கிறார்கள். பாசமும் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் அந்தச் செருப்பைப் பார்த்துவிட்டுத்தான் குரலைத் தணித்துக் கதைக்கிறார்.

ஒடியல் (திருநெல்வேலி)

நான் ஆண், வயது 24. வாசித்துவிட்டுப் பேசாமல் போகலாம் என்றுதான் இருந்தேன். ஒன்றை மட்டும் எழுதிவிட்டுப் போகிறேன்.

நான் உயர்தரம் எடுக்கும்போது விடியப்புறம் நாலு மணிக்கு எழும்பிப் படிப்பேன். எனக்குத் தேத்தண்ணி போட அம்மா தங்கச்சியை எழுப்புவா. அவளுக்கு அப்போது பதினாறு வயது, ஓ.எல். வகுப்பு. இரண்டு வருடம் கழித்து அவளுக்கு உயர்தரம் வந்தது. அவளும் நாலு மணிக்கு எழும்பினாள். தேத்தண்ணியை அவளே போட்டாள். சத்தத்துக்கு நான் முழித்தால் எனக்கும் ஒன்று கொண்டுவந்து வைப்பாள். நான் குடித்துவிட்டுத் திரும்பவும் படுப்பேன்.

பேராதனைக்குப் போய் விடுதியில் என் கோப்பையை நானே கழுவ வேண்டி வந்தபோதுதான் இது ஞாபகம் வந்தது. இதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

சட்டைப்பின் (சுன்னாகம்)

தம்பி, இங்கே எழுதினது காணாது. அவளுக்கு ஒரு தேத்தண்ணி போட்டுக் குடும்.

மூக்குப்பேணி (உரும்பிராய்)

பிள்ளைகள் கோபிக்கக் கூடாது. எனக்கு 68 வயது. இப்போதெல்லாம் எதை எடுத்தாலும் ஆணாதிக்கம் என்று சொல்வது பழக்கமாகிவிட்டது. மோட்டர் திருத்த வந்தவன் ஏன் அப்படிக் கேட்கிறான்? தனிய இருக்கிற பெண் வீட்டுக்குள் ஒரு ஆண் போய் வந்தான் என்று நாளைக்கு அயல் கதைக்கும். அவனுக்கும் அந்தப் பயம் இருக்காதா? அது மரியாதை என்றும் எடுக்கலாம்.

இன்னொன்று. வடக்கே இந்தியாவில் பெண் மாமியார் வீட்டுக்குப் போய் அடிமையாக இருக்கிறாள். எங்கள் ஊரில் வீடு யாருக்கு? பெண்ணுக்கு. சீதன உறுதியில் பெயர் யாருடையது? அவளுடையது. மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண்ணின் வீட்டுக்கு வந்து இருக்கிறான். நான் 41 வருடமாக என் மனைவியின் வளவில்தான் இருக்கிறேன். யார் யாரை ஆளுகிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

தட்டிவான் (யாழ்ப்பாணம் நகரம்)

மூக்குப்பேணி ஐயா சொன்னதில் பாதி சரி. மற்றப் பாதியை நான் சொல்கிறேன். சட்டத்தரணி ஒருவரின் அலுவலகத்தில் பதினொரு வருடம் எழுதுவினைஞராக இருந்தவள் நான். காணி உறுதி வாசித்தே கண் போனது.

வீடு பெண்ணின் பெயரில்தான் இருக்கும். ஆனால் தேசவழமைக்கு, அதாவது யாழ்ப்பாணத் தமிழருடைய வழமைச் சட்டத்துக்கு, உட்பட்ட கலியாணமான பெண் அந்த வீட்டை விற்க, ஈடு வைக்க, யாருக்காவது எழுதிக் கொடுக்க நினைத்தால் புருசனுடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். புருசன் தனக்குப் பரம்பரையாக வந்த முதுசக் காணியை விற்க மனைவியைக் கேட்கத் தேவையில்லை. இது ஏதோ பழங்கதை அல்ல, 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். 1947இல் திருத்தினார்கள். இந்தச் சம்மத விஷயம் மட்டும் அப்படியே இருக்கிறது.

அசையும் சொத்துக்குச் சம்மதம் தேவையில்லை. அதாவது தாலிக்கொடியைக் கொண்டுபோய் அடகு வைக்கலாம், ஒருவரும் கேட்க மாட்டார்கள். வளவில் ஒரு குழி நிலத்தைத் தொட முடியாது. மரண சாசனம் எழுதவும் சம்மதம் வேண்டாம். செத்த பிறகு என்ன நடக்க வேண்டும் என்று அவள் தனியத் தீர்மானிக்கலாம், உயிரோடு இருக்கும்போதுதான் முடியாது. முதன்முதல் வாசித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

புருசன் விட்டுவிட்டுப் போனால், இருக்கிற இடம் தெரியாவிட்டால், காரணமில்லாமல் மறுத்தால், மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய் அந்தச் சம்மதத்துக்குப் பதிலாகக் கட்டளை கேட்கலாம். கேட்கலாம்தான். யுத்தத்தில் புருசன் காணாமல் போன ஒரு அம்மா எங்கள் அலுவலகத்துக்கு வந்தா. அவர் செத்துவிட்டார் என்று மரணச் சான்றிதழ் எடுக்க அவவுக்கு மனமில்லை. எடுத்தால் தேடுவதை விட்டதாக ஆகிவிடும் என்று அழுதா. எடுக்காவிட்டால், “இவர் இருக்கிறார், ஆனால் எங்கே என்று தெரியாது” என்று நீதிமன்றத்தில் சொல்லி வழக்குப் போட வேண்டும். இரண்டு பரப்புக் காணி. மகளின் படிப்புக்கு விற்கப் பார்த்தவ. கடைசியில் விற்கவில்லை, தங்கச்சங்கிலி போனது.

இந்தத் தேசவழமையை எழுதித் தொகுத்தது ஒல்லாந்தர் காலத்தில், 1706, 1707 அளவில். எழுதினவர் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற திசாவை, ஒல்லாந்த அதிகாரி. சரிதானா என்று பார்த்துச் சொன்னவர்கள் பன்னிரண்டு முதலியார்மார். அன்றைக்கும் வீட்டில் ஆம்பிளையளைத்தான் கேட்டிருக்கிறார்கள், ஐயா.

வாவிக்கரை (மட்டக்களப்பு, இப்போது நல்லூர்)

தட்டிவான் அக்கா, எனக்கு ஒரு சந்தேகம். நான் மட்டக்களப்பு. எங்கட பக்கமும் வீடு பொம்பிளைப் பிள்ளைக்குத்தான். யாழ்ப்பாணத்தவரைக் கட்டி ஏழு வருடம். எனக்கு இந்தச் சட்டம் பொருந்துமா?

தட்டிவான் (யாழ்ப்பாணம் நகரம்)

பொருந்தும், தங்கச்சி. அவர் தேசவழமைக்கு உட்பட்டவர் என்றால் அந்தக் கலியாணம் இருக்கும்வரை நீங்களும் உட்பட்டவர்தான். மறுபக்கமாக, யாழ்ப்பாணப் பெண் வெளியில் கட்டினால் அது அவளை விட்டுவிடும். நாட்டில் மற்றப் பெண்களுக்கு 1923இலேயே தங்கள் காணியைத் தாங்களே விற்க உரிமை வந்துவிட்டது. சட்டமும் புருசன் வீட்டுக் குடும்ப அட்டையில்தான் பதிவு.

வாவிக்கரை (மட்டக்களப்பு, இப்போது நல்லூர்)

கல்லடியில் அம்மா தந்த வீட்டுக்குமா? கலியாணம் எழுதும்போது ஒருத்தரும் சொல்லவில்லையே. பலகாரத்துக்கு எத்தனை தட்டு என்று மூன்று தரம் கேட்டார்கள்.

கிணற்றடி (கொக்குவில்)

இதை எழுதுவதா விடுவதா என்று இருந்தேன். தட்டிவான் எழுதியதால் எழுதுகிறேன்.

போன வருடம் மேல்மாடியில் ஒரு அறை போடலாம் என்று வீட்டை ஈடு வைத்து வங்கிக் கடன் கேட்டேன். வீடு எனக்கு அம்மா தந்தது. சம்பளம் என்னுடையது, தவணை கட்டப் போவதும் நான். இவருடைய சம்மதக் கையெழுத்து வேண்டும் என்றார்கள். இவருக்கு லீவு இல்லை. சரி, அற்றோணித் தத்துவம் அனுப்பலாம் என்று கட்டாரில் தூதரகத்துக்குப் போய் எழுதி அனுப்பினார். யாருக்கு? தன் தமையனுக்கு. எனக்கு நானே சம்மதம் கொடுக்க முடியாதுதானே.

ஆக நான் என் வீட்டை ஈடு வைக்கிறதுக்கு அத்தான் வீட்டுக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். நல்ல மனுசன், ஒரு வார்த்தை குறைவாகச் சொல்லவில்லை. ஆனால் வங்கியில் அந்த அதிகாரி கதிரையை இழுத்து அவருக்குப் போட்டார். வட்டி எத்தனை வீதம், எத்தனை வருடம் என்று அவருக்கு விளங்கப்படுத்தினார். அத்தான் ஒவ்வொரு தரமும் என் பக்கம் திரும்பி, “பிள்ளைதான் சொல்ல வேணும்” என்கிறார். அதிகாரி திரும்பவும் அவருக்கே சொல்கிறார். நான் கணக்காளர். வட்டிக் கணக்குப் பார்க்கிறதுதான் எனக்குத் தொழில்.

மூக்குப்பேணி ஐயா, அந்த மோட்டர்காரருக்கு அயல் பற்றிய பயம் இருக்கலாம். வங்கியில் என்ன பயம்?

வெங்காயத்தாள் (குப்பிழான்)

எல்லாரும் வீடு உள்ளவர்களாக இருக்கிறீர்கள். எங்கள் பக்கம் வேறு கதை. வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறோம். போன போகம் ஆணுக்கு 3,000, எங்களுக்கு 2,000. அவர்கள் கொத்துகிறார்கள், அது பாரமான வேலை என்று சொல்வார்கள். சரி, பாரம்தான். ஆனால் ஏழு மணியிலிருந்து மூன்று மணிவரை குந்தியிருந்து புல்லுப் பிடுங்கிப் பாருங்கள், இடுப்பு என்ன சொல்கிறது என்று. பத்து மணித் தேத்தண்ணியும் எங்களில் ஒருத்திதான் எழும்பிப் போய் ஊற்ற வேண்டும். அந்த அரை மணித்தியாலத்தைக் கழிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

எங்களிடம் ஒருத்தரும் “ஆம்பிளையள் இல்லையோ” என்று கேட்பதில்லை. இல்லாதபடியால்தான் வந்தோம் என்று தெரியும்.

பாலறுகு (இணுவில்)

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. பெரியபிள்ளையானால் சாமத்தியவீடு செய்ய வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிட்டாள். மாமி வீட்டில் மண்டபம் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். பிள்ளையைக் கேட்காமல் அவளுடைய அப்பாவிடம்தான் எத்தனை பேர் என்று கேட்கிறார்கள். என்ன செய்யலாம்?

மட்டறுத்துனர்

பாலறுகு, இதற்குத் தனி இழை திறந்துவிடுங்கள். இங்கே தொடங்கினால் மூக்குப்பேணி ஐயாவுக்கு இன்றைக்கு நித்திரை இராது.

சட்டைப்பின் (சுன்னாகம்)

என் பெயர்க் காரணம் கேட்டு இரண்டு பேர் தனிமடல் போட்டிருக்கிறீர்கள். வேறென்ன, பஸ்தான். ரியூசனுக்குப் போகிற காலத்தில் அம்மா தந்துவிட்ட ஆயுதம். பக்கத்தில் நிற்கிறவன் சரிந்தால் கையில் விரித்து வைத்துக்கொள்.

ஐ.நா. சனத்தொகை நிதியம் 2017இல் ஒரு ஆய்வை வெளியிட்டது. நாடு முழுக்க 2,500 பெண்களைக் கேட்டார்கள். பஸ்ஸிலோ ரயிலிலோ ஒருமுறையாவது பாலியல் தொந்தரவு நடந்தது என்று 90 வீதமானவர்கள் சொன்னார்கள். பொலிசுக்குப் போனவர்கள் 4 வீதம். தண்டனைச் சட்டக்கோவையில் 345ஆம் பிரிவு 1995இலிருந்து இருக்கிறது, ஐந்து வருடம்வரை சிறை என்று. இருந்து என்ன.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், இந்த இழைக்கு அது பொருந்தும். மினி பஸ்ஸில் ஒருவன் சேட்டை விட்டான். நான் சத்தம் போட்டேன். கொண்டக்டர் கேட்ட மாதிரியே காட்டவில்லை, “பின்னுக்குப் போங்கோ, பின்னுக்குப் போங்கோ” என்று காசு எடுத்துக்கொண்டிருந்தான். இரண்டாம் தரம் கத்தினேன். “தங்கச்சி, சனமா இருக்கு, அப்பிடி இப்பிடிப் படும்தானே.” அப்போது முன் சீற்றில் இருந்த ஒரு ஐயா எழும்பி, “பஸ்ஸை நிப்பாட்டடா” என்றார். அவர் ஒன்றும் பார்க்கவில்லை, முன்னுக்கு இருந்தவர். பஸ் உடனே நின்றது. ஆள் கோண்டாவிலில் இறக்கப்பட்டான். அந்த ஐயாவுக்கு இன்றைக்கும் கோடி புண்ணியம். ஆனால் என் உடம்பில் நடந்ததற்கு நான் சாட்சி இல்லை, பார்க்காத அவர்தான் சாட்சி.

நாவற்குழி (சாவகச்சேரி)

இவ்வளவையும் வாசித்த பிறகு எனக்கு ஒன்று விளங்கவில்லை.

1995 ஐப்பசி கடைசியில் யுத்தத்தால் வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்து கிளம்பிய இரவு, எங்கள் அம்மா சைக்கிளில் முன்னுக்கு ஒன்று, கரியரில் ஒன்று, தோளில் ஒரு உரப்பையோடு, நாவற்குழிப் பாலம் கடந்தவ. அப்பா அதற்கு மூன்று வருடத்துக்கு முதலே செத்துவிட்டார். அன்றைக்கு ஒருத்தரும் அம்மாவிடம் ஆம்பிளையள் இல்லையோ என்று கேட்கவில்லை. பிறகு ஊருக்குத் திரும்பிய காலத்தில், எங்கள் ஒழுங்கையில் யாரையாவது இராணுவம் பிடித்துக்கொண்டு போனால் முகாம் வாசலுக்கு யார் போவது? பெண்கள். ஆண் போனால் அவனையும் உள்ளே இருத்திவிடுவார்கள். அதனால் தாய், மனைவி, தமக்கை போவார்கள். அதற்கு முதல், 1984இலேயே அன்னையர் முன்னணி என்று யாழ்ப்பாணத்துத் தாய்மார் திரண்டு, பிடித்த பிள்ளைகளை விடச் சொல்லிக் கேட்டவர்கள்.

துவக்கு வைத்திருக்கிறவனோடு கதைக்க எங்களை அனுப்பினீர்கள். இப்போது சீமெந்து விலை கேட்க ஒரு ஆம்பிளை வேண்டுமாம்.

பனித்துளி (ஸ்காபுரோ)

இங்கே வந்தால் மாறிவிடும் என்று நினைக்காதீர்கள். கார் வாங்கப் போனால் வெள்ளைக்காரனும் இவரைத்தான் பார்க்கிறான். ஒரு வித்தியாசம், வீட்டுக் கடனுக்கு என் கையெழுத்து எனக்குக் காணும்.

மூக்குப்பேணி (உரும்பிராய்)

நாவற்குழிப் பிள்ளைக்குப் பதில் இல்லை. அந்தப் பாலத்தில் நானும் வந்தவன்.

ஆனால் ஆணின் பக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும். எனக்கு மூன்று சகோதரிகள். அப்பா தபால் கந்தோரில் வேலை. 19 வயதில் எனக்கு ஒரு முதலாளியிடம் கணக்கெழுதுகிற வேலை கிடைத்த நாளிலிருந்து, என் சம்பளம் என் கையில் நின்றதில்லை. மூத்தவவுக்கு வீடு, இரண்டாமவவுக்கு வீடு, மூன்றாமவவுக்கு நன்கொடைக் காசு, அதாவது சீதனத்தோடு மாப்பிள்ளை வீட்டார் வாங்குகிற காசு. எனக்கு வந்த நன்கொடை அப்படியே மூன்றாவது சகோதரியின் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனது, நோட்டுக் கட்டின் றப்பர்பான்ட்கூடக் கழற்றவில்லை. நான் விலை போனவன்தான். எனக்கு ஒரு பெண்ணைப் பிடித்திருந்தது, அவர்களிடம் கொடுக்க ஒன்றுமில்லை. அதோடு முடிந்தது. இதையும் உங்கள் கணக்கில் எழுதுங்கள்.

தட்டிவான் (யாழ்ப்பாணம் நகரம்)

எழுதத்தான் வேண்டும் ஐயா. சீதனத்தை ஒழிக்கிறோம் என்று வந்தவர்களும் அதற்குள்தான் மாட்டினார்கள். உடுவிலில் 1824இல் அமெரிக்க மிஷன் பெண்களுக்கு விடுதிப் பள்ளிக்கூடம் தொடங்கியது. பிள்ளைகளைச் சேர்க்க, படிப்பு முடித்துப் போகிற பெண்ணுக்கு மிஷனே சீதனம் கொடுக்க வேண்டி வந்தது.

ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். உங்கள் மனைவியின் சீதன உறுதி எங்கே இருக்கிறது?

மூக்குப்பேணி (உரும்பிராய்)

என் அலுமாரியில். ஏன்?

தட்டிவான் (யாழ்ப்பாணம் நகரம்)

சும்மாதான் கேட்டேன்.

கிணற்றடி (கொக்குவில்)

நாலு நாள் இந்தப் பக்கம் வரவில்லை, அறைக்குக் கொங்கிறீட் போட்டார்கள். மேசன் முதல் நாளே அந்தக் கேள்வியைக் கேட்டார். “இருக்கிறார், கட்டாரில. கேக்கிறதெண்டா எடுத்துத் தாறன், ஆனா கம்பி எத்தினை சூத்திரத் தடிப்பு எண்டு அவருக்குத் தெரியாது” என்றேன். சிரித்தார். இரண்டாம் நாளிலிருந்து என்னிடமே கேட்கிறார். மூன்றாம் நாள் தன் பெறாமகளின் கடன் விஷயமாக வட்டிக் கணக்குப் பார்க்கத் தாளும் கொண்டுவந்தார்.

மோட்டர் திரும்பவும் உறுமுகிறது. இந்த முறை கப்பாசிட்டரை நானே வாங்கிவந்து வைத்திருக்கிறேன். மாற்றத் தெரிந்தவர்கள் யாராவது சொல்லித் தாருங்கள். மெயின் சுவிட்சை நிறுத்த வேண்டும், பழையதில் மின்சாரம் தங்கியிருக்கும், அதை இறக்காமல் தொடக் கூடாது, இவ்வளவும் தெரியும்.

ஒடியல் (திருநெல்வேலி)

அக்கா, நான் பொறியியல் பீடம். பழையதில் எத்தனை மைக்ரோபராட் என்று எழுதியிருக்கும், அதே அளவுதானா என்று முதலில் பாருங்கள். நாளைக்கு வேண்டுமானால் வந்து மாற்றித் தருகிறேன்.

கிணற்றடி (கொக்குவில்)

வாரும். மாற்ற வேண்டாம், பக்கத்தில் நின்று சொன்னால் போதும். தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வாரும்.

மூக்குப்பேணி (உரும்பிராய்)

தட்டிவானுக்கு. உறுதியை எடுத்து மனைவியிடம் கொடுத்தேன். 41 வருடத்தில் அவ அதைக் கையில் எடுத்தது இதுதான் முதல் தரம். குந்தியிருந்து முழுக்க வாசித்தா. “கிழக்கெல்லையில் பங்குக் கிணறும் வழிவாய்க்காலும்” என்று இருக்கிறதாம். அந்தக் கிணற்றில் எங்களுக்குப் பங்கு இல்லை என்றுதான் நான் இவ்வளவு காலமும் நினைத்தேன். பக்கத்து வீட்டோடு அதற்காகப் பதினைந்து வருடம் கதை பேச்சில்லை. அவவின் ஐயா கலியாணத்துக்கு முதலே பங்கு பற்றிச் சொன்னவராம். நீங்கள் என்னைக் கேட்கேல்லையே என்கிறா.

தட்டிவான் (யாழ்ப்பாணம் நகரம்)

ஐயா, அம்மாவுக்கும் இங்கே ஒரு கணக்குத் திறந்து கொடுங்கள்.

மூக்குப்பேணி (உரும்பிராய்)

கேட்டேன். வேண்டாமாம். நீங்கள் எழுதுவதை நான் சத்தமாக வாசித்தால் போதுமாம், இடியப்பம் அவிக்கிற நேரம். உரலை யார் பிழிவது என்று இப்போது ஒரு பேச்சு நடக்கிறது, பிறகு வருகிறேன்.